கால்விரல் தாங்கும் பாரம்

பாலே நடனக் கலைஞரின் காலணி வெளிப்பார்வைக்கு இளஞ்சிவப்புப் பட்டு. அதன் நுனியைத் தட்டிப் பார்த்தால், துணியும் தாளும் பசையும் அடுக்கடுக்காக இறுகிய கட்டி. புதிய காலணி வந்ததும் அவர் அதை வளைப்பார், தரையில் அடிப்பார், அடிப்பக்கத்தைக் கத்தியால் கீறுவார், நாடாவைத் தானே ஊசிநூல் கோத்துத் தைப்பார். இத்தனை பாடுபட்டுப் பழக்கிய காலணி சில நேரம் ஒரே இரவில் நைந்துபோகும். மறுநாள் வேறொரு ஜோடி வந்துவிடும். உள்ளே இருந்த காலுக்கு மாற்று கிடையாது.

அந்தக் கால் வலிக்கும் இரவில் மேடையேற வேண்டுமா? அதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? விளைவைச் சுமக்க வேண்டியவர் யார்?

மேலைநாட்டு நடனக் குழுக்கள் மீது விழும் நெருக்கடிகள் பல. ஐரோப்பாவில் அரசு மானியம் குறையலாம். அமெரிக்காவில் கொடையாளர்கள் கைவிரிக்கலாம். அங்கே பல குழுக்களுக்கு டிசம்பர் மாத ‘நட்கிராக்கர்’ பாலே நிகழ்ச்சியின் வசூல்தான் ஆண்டு முழுவதும் சோறு போடுகிறது. அரங்கு நிறைய வேண்டும், விமர்சகர் மெச்ச வேண்டும். இந்தப் பாரம் நிர்வாகக் குழுவிலிருந்து இயக்குநருக்கும், இயக்குநரிடமிருந்து பயிற்சியாளருக்கும் கைமாறுகிறது. கடைசியில் அது வந்து இறங்குவது ஆடுபவரின் கணுக்காலில். அவருக்குக் கீழே இறக்கிவைக்க ஆளில்லை.

2012இல் நியூயார்க்கில் ‘ஃபயர்பேர்ட்’ நடனத்தின் முதன்மைப் பாத்திரத்தில் பாலே கலைஞர் மிஸ்டி கோப்லண்ட் ஆடினார். ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அப்படியொரு வாய்ப்பு கிடைப்பது அரிதிலும் அரிது. அவரைப் பார்க்கவே வந்த கறுப்பின மக்களும் அரங்கில் இருந்தார்கள். காலில் கடுமையான வலி, இருந்தும் ஆடினார். பிறகு பரிசோதித்தபோது கீழ்க்கால் எலும்பில் ஆறு இடங்களில் அழுத்த முறிவுகள். அறுவை சிகிச்சை செய்து உலோகத் தகடு பொருத்தினார்கள். 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் கறுப்பினப் பெண் முதன்மைக் கலைஞரானார்.

அவர் செய்தது தவறென்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த இரவின் மதிப்பை அவர் அறிந்திருந்தார். வலியைப் பொறுக்காமல் எந்தக் கலையும் கைகூடுவதில்லை. விவரம் அறிந்த ஒருவர் தன் உடலைத் தன் கலைக்குத் தருகிறார் என்றால், அதைத் தடுக்கப் பிறருக்கு என்ன உரிமை? நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. காட்சிகள் ரத்தானால் பணம் வராது; பணம் வராவிட்டால் குழுவே கலையும், எல்லோருக்கும் வேலை போகும்.

இவை வலுவான வாதங்கள். ஆனால் “அவரே சம்மதித்தார்” என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். ஒருவரின் “சரி”க்கு மதிப்பு வர வேண்டுமானால், அவர் “முடியாது” என்றும் சொல்ல முடிய வேண்டும்; சொன்ன பிறகும் அவருடைய இடம் அவருக்கு இருக்க வேண்டும். தனக்குப் பின்னால் இருபது பேர் அதே பாத்திரத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று அறிந்தவர் தரும் சம்மதத்தில் பாதி அச்சம். இன்னொருவரின் அச்சத்தைக் காட்டி ஒரு நிறுவனம் தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ள முடியாது.

பிள்ளைகள் விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வியன்னா அரசு ஓபராவின் பாலே பள்ளியை விசாரித்த ஆணையம், அங்கே பிள்ளைகளின் நலன் போதுமான அளவு காக்கப்படவில்லை என்று 2019இல் அறிவித்தது. உடல் மெலிய சிகரெட் பிடிக்கும்படி மாணவர்களுக்குச் சொல்லப்பட்டதும் அப்போது வெளிவந்தது. சுமையை யார்மீதும் இறக்கலாம் என்று பழகிய கை, கடைசியில் குழந்தையின் தோளையும் விட்டுவைப்பதில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று பாரிஸில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இருந்த பாரிஸ் ஓபரா கலைஞர்கள், கார்னியே அரங்கின் வாசல் படிகளில், குளிரில், வெள்ளை உடையில் ‘ஸ்வான் லேக்’ ஆடினார்கள். அவர்களுக்கு 42 வயதில் ஓய்வு. 1698இல், பதினான்காம் லூயி காலத்தில் தொடங்கிய ஓய்வூதிய முறை அது. 2022 முதல் சேர்பவர்களுக்கு மட்டுமே மாற்றம் பொருந்தும் என்று அரசு இறங்கிவந்தது. பணியில் இருந்தவர்களுக்கு இழப்பே இல்லை. ஆனாலும் மறுத்துவிட்டார்கள். தங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளைப் பலிகொடுத்துத் தாங்கள் தப்பிக்க அவர்கள் விரும்பவில்லை.

முதுமைவரை பேருந்து ஓட்டுபவரின் வரிப்பணத்தில் நாற்பத்திரண்டு வயதுக்காரருக்கு ஓய்வூதியமா என்ற கேள்வி எழும். கேட்க வேண்டிய கேள்விதான். ஓட்டுநரின் முதுகும் தேயத்தான் செய்கிறது. அவருக்கும் நியாயம் வேண்டும் என்பதே அதற்கு விடை. ஒருவருக்கு இருப்பதைப் பறிப்பதால் மற்றவரின் முதுகுவலி குறைவதில்லை.

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பது நம் ஊர்ப் பழமொழி. பார்க்கும் திசைதான் வேறு. எப்போது முடியும் என்று ஏங்கும் உடல் இருவருக்கும் ஒன்றுதான். ஆடுவதும் உழைப்பே. அதனால் உழைப்பவருக்கு உரிய பாதுகாப்பு ஆடுபவருக்கும் உரியது.

அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம், தன் மறைவுக்குப் பிறகு தன் நடனக் குழு எப்படி முடிய வேண்டும் என்பதை முன்கூட்டியே திட்டமிட்டார். 2011 டிசம்பர் 31இல் கடைசி நிகழ்ச்சி முடிந்தபோது, கலைஞர்களுக்குப் பணிமுடிவுத் தொகையும் வேறு தொழிலுக்கு மாற உதவியும் ஏற்பாடாகி இருந்தன. பணநெருக்கடியைக் காரணம் காட்டும் நிர்வாகங்கள், ஒரு குழு மூடப்படும்போதுகூட இதற்கு வழி இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு குழுவின் அறத்தை அறிய அதன் மேடையைப் பார்த்தால் போதாது. “இன்று முடியாது” என்று ஒருவர் சொன்ன மறுவாரம், ஒத்திகைக் கூடத்துச் சுவரில் ஒட்டும் பாத்திரப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.