பெஞ்சில் யார் உட்காருவது?

சாம்பியன் பட்டத்துக்கு மோத ஒரு கூடைப்பந்து அணிக்கு என்ன வேணும்? நட்சத்திரங்கள் என்போம். எனக்கு ஆண்ட்ரே இகுவோடாலா ஞாபகம் வரும். பத்து சீசன், ஆடிய எல்லா ஆட்டத்திலும் தொடக்க ஐவரில் ஒருவர். 2014இல் வாரியர்ஸின் புதுப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தார். 2015 இறுதிச்சுற்றில் 2-1 எனப் பின்தங்கியபோது தொடக்கத்திலேயே இறக்கினார். 40 ஆண்டுக்குப் பின் கோப்பை. இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் இகுவோடாலா.

இதைத் தியாகம்னு சொல்லிக் கைதட்டிவிடலாம். ஆனால் ‘டீமுக்காக விட்டுக்கொடு’ என்று வேலையிடத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான். அங்கே சொல்பவர் எதையும் இழப்பதில்லை. கெர், ஜோர்டானின் அணியில் பெஞ்சிலிருந்து எழுந்து ஆடியவர். கேட்பவரும் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தியாகமில்லை, வெறும் உத்தரவு.