இஸ்தோப்பில் வைத்த கஞ்சி

இலங்கை மலையகத்தின் லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு லயக்காம்பிராவின் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் நுழையமாட்டார்கள். கேட்டால், "பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். உள்ளே தாளிப்பு இல்லை. மீன், இறைச்சி இல்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்தவரும் வெளியூர் போய் வந்தவரும் படி ஏறுவதில்லை. பிள்ளையின் பாயில் வேப்பிலை பரப்பியிருக்கும். அடுத்த காம்பிராப் பெண் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து முன்திண்ணையான இஸ்தோப்பில் வைத்து, "அம்மா, வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அவள் கூப்பிட்டது வீட்டுக்காரியையா, காய்ச்சலில் கிடக்கும் ஐந்து வயதுப் பையனையா, அவன் உடம்பில் இறங்கியிருக்கும் மாரியம்மனையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியும்வரை அந்த வீட்டில் நோயாளிதான் தெய்வம்.

சுகாதார அதிகாரி இதைப் பார்த்தால் தனிமைப்படுத்தல் என்பார். வார்த்தை சரிதான். ஆனால் 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டு, பிறகு வந்த மாதங்களில் தோட்டத்து வீடுகளின் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, அதே லயத்தில் அதே மனிதர்கள் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். வேப்பிலை செருகிய வாசலைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கடந்தவர்கள், கடதாசி ஒட்டிய வாசலை முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயாவின் வாகனம் வந்து நின்ற வீட்டுக்காரர் குற்றம் செய்தவரைப் போலக் கூனிக் குறுகினார். இடைவெளி என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். ஒன்று பூசையாகவும் மற்றது அவமானமாகவும் ஆனது எப்படி என்பது மலையகத்துக்கு மட்டுமான கேள்வி இல்லை என்றாலும், மலையகத்தில் அதற்குக் கூர்மை அதிகம்.

ஏனென்றால் இந்த மக்களுக்குத் தள்ளி நிறுத்தப்படுவது பழைய அனுபவம். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில், கடல் கடப்பதற்கு முன்பே மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்துவைத்துச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். கொலரா, அம்மை, பிளேக் இலங்கைக்குள் வந்துவிடக் கூடாது என்பது காரணம். காரணத்தில் பிழை இல்லை. ஆனால் அந்த முகாமில் யாரும் அவர்களை ‘அம்மா’ என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அதற்கும் முன்னால் ஊரில் சாதி இருந்தது. தொட்டால் தீட்டு, எதிரே வந்தால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் தோட்டங்களில் பெருந்தொகை. ஒரு மீட்டர் தள்ளி நில் என்ற சொல் அவர்கள் காதில் விழும்போது, வைத்தியரின் அறிவுரையோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து கேட்டிருந்தால் அதில் வியப்பு என்ன?

அம்மை வழிபாட்டை அப்படியே தூக்கிப் பிடிக்கவும் முடியாது. ஆத்தா வந்திருக்கிறாள், ஊசி போட்டால் கோபிப்பாள் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எத்தனையோ. பெரியம்மையை உலகத்தை விட்டு விரட்டியது தடுப்பூசி. அது ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இருந்தும் மாரியம்மனின் கோயில்கள் மூடப்படவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கரகம் பாலிக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். நோய் போன பிறகும் அவள் தேவைப்படுகிறாள் என்றால், அவள் நோய்க்கு மட்டும் உரியவளாக இருந்ததில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நோயாளியை வெறுக்காமல் தள்ளி நிற்கும் பழக்கத்தை அவள் பெயரால்தான் ஒரு சமூகம் கற்றுக்கொண்டது.

கோயம்புத்தூரில் நூறாண்டுக்கு முந்திய கொள்ளைநோய் நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உள்ளன. 2021 மே மாதம் அதே கோவையில் காமாட்சிபுரி ஆதீனம் கொரோனா தேவிக்குக் கருங்கல்லில் சிலை செய்து பூசை தொடங்கியபோது பலர் கேலி செய்தார்கள். கேலிக்கு முன் ஒரு கணம் யோசிக்கலாம். பெயர் தெரியாத பயத்துக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் கொடுத்து, அதோடு பேசப் பார்ப்பது மனிதர்கள் என்றைக்கும் செய்துவந்தது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2020 டிசம்பரில் கேகாலையில் காளியம்மன் அருளிய கொரோனா மருந்து என்று சொல்லி ஒருவர் காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரச வரிசையில் நின்றார்களே, அங்கே. அம்மை வீட்டுத் தெய்வம் கூட்டத்தைக் கலைத்தாள். பாணியின் தெய்வம் கூட்டத்தைக் கூட்டினாள். பக்தி எந்தப் பக்கம் கையைப் பிடித்து இழுக்கிறது என்பதைப் பார்த்தாலே இரண்டையும் பிரித்தறியலாம்.

சைவத்திலும் இந்தச் சிக்கல் பழையது. திருச்செங்கோட்டில் தம்மோடு வந்த அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். கொரோனா காலத்தில் பலர் வீட்டில் அதை ஓதினார்கள். அந்தப் பதிகத்தின் தொடக்கமே விதியைப் பற்றிய வழக்குதான்: முன்வினையின் பயன் இது என்று பேசத் தெரிந்தவர்கள், அதிலிருந்து தப்பும் வழியைத் தேடாமல் இருந்தால் அது அவர்களுக்குத்தான் குறை என்று சம்பந்தர் இடித்துரைக்கிறார். ‘நம்ம தலையெழுத்து’ என்று சொல்லிச் சொல்லியே நூற்றைம்பது வருடம் கூலி வாங்கியவர்களுக்கு இதைவிட நெருக்கமான தேவாரம் இருக்க முடியுமா?

தப்பும் வழிக்கு இடம் வேண்டுமே. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஆறு பேர் இருந்தால் எந்த மூலையில் தனிமைப்படுவது? தண்ணீர்ப் பீலியும் கழிப்பறையும் பல வீட்டுக்குப் பொது. தேயிலை அத்தியாவசியத் தொழில் என்பதால் ஊரடங்கிலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்க் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினார்கள். நாட்கூலி 1000 ரூபாய் 2021 மார்ச்சில்தான் சட்டமானது. தொற்று தொடங்கியபோது அது 750. அரசாங்கம் கொடுத்த 5000 ரூபாய் நிவாரணம் தோட்டத்தில் பலருக்குக் கிட்டவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. கொழும்புக் கடைகளில் வேலை செய்த பிள்ளைகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அந்த வருடத் தீபாவளி நவம்பர் 14இல் வந்தது. அதை ஒட்டி மேல் மாகாணத்தைவிட்டு வெளியேறத் தடை. உழைக்கிற பிள்ளை வீட்டுக்கு வராத தீபாவளி.

அப்போது இஸ்தோப்புப் பழக்கம் மெல்லத் திரும்பி வந்தது. கடதாசி ஒட்டிய வீட்டு வாசலில் அரிசி, பருப்பு, கோதுமை மா வைக்கப்பட்டது. கடைக்காரர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தார்கள். யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் 1934–35 மலேரியாவின்போது ஊர் ஊராகப் பருப்பு பகிர்ந்ததற்காக இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தயா’ என்றே பெயர் வந்தது. பசித்தவன் வாசலில் வைக்கப்படும் ஒரு சுண்டு பருப்பு அரசியலும்தான், ஆன்மிகமும்தான்.

செத்தவர்களின் விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கத்துக்கு இடமே விடப்படவில்லை. வாய்க்கரிசி இல்லை, மாரடிப்பில்லை, நெய்ப்பந்தம் இல்லை; மூடிய பெட்டி எரிகூடத்துக்குப் போனது. உடலைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும், 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. முஸ்லிம்களின் மார்க்கத்தில் உடலை எரிக்க இடமே இல்லை. பிறந்து இருபதே நாளான குழந்தையும் எரிக்கப்பட்டது. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அந்த ஊரில் இருந்தால் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியைக் கடைப்பிடித்து, 2020 மார்ச்சிலேயே ஜும்ஆவை நிறுத்திக்கொண்ட சமூகம் அது. விலகி நிற்கச் சொன்னபோது நின்றார்கள். அதற்குப் பிறகும் அவர்களுடைய இறந்தவர்களை மதிக்க அரசு மறுத்தது. 2021 மார்ச் 5ஆம் திகதிதான் ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில். அம்மை வீட்டில் உயிரோடு இருப்பவருக்குக் காட்டும் மரியாதையில் பாதியையாவது இறந்தவருக்குக் காட்ட ஏன் முடியாமல் போனது? இதற்கு மருத்துவத்தில் பதில் கிடையாது.

2021இல் அதே மார்ச் 20. ஊரடங்கு தொடங்கி ஒரு வருடம் முடிந்த நாளின் காலை. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. வீதியின் ஓரத்தில் சரிந்து கிடந்த பாறை, எதிரே வந்த டிப்பர், ஒடுங்கிய வளைவு. 14 பேர் அன்றே இறந்தார்கள், 30 பேருக்கு மேல் காயம். பசறைக்கும் பிபிலைக்கும் நடுவே உள்ள லுணுகலை என்ற அந்தச் சிறிய ஊரில் துக்கம் எட்டாத தெரு இருந்திருக்காது. அயலில் இருந்தவர்கள் பள்ளத்தில் இறங்கினார்கள். தொடாதே, நெருங்காதே, கூடாதே என்று ஒரு வருடம் முழுக்கச் சொல்லிக் கேட்டவர்கள், முன்பின் தெரியாதவர்களின் இரத்தத்தில் கை நனைய அவர்களைத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். விலகி நிற்கவும் தெரிந்து, விலகலை உடைக்க வேண்டிய நேரத்தில் ஒரு நொடியும் தயங்காமல் உடைக்கவும் தெரிந்திருப்பது எந்த வேதத்திலிருந்து வருகிறது? தமிழும் சிங்களமும் பேசுகிற, கோயிலுக்கும் விகாரைக்கும் பள்ளிக்கும் போகிற மக்கள் வாழும் பகுதி இது. பள்ளத்தில் இறங்கியவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை.

அந்த வருடத்தின் நடுவில் லுணுகலை இன்னொரு செய்திக்காக உலகப் பத்திரிகைகளில் வந்தது. பள்ளிக்கூடம் மூடியிருந்தது, பாடமெல்லாம் போனில். நாட்டின் 43 இலட்சம் மாணவரில் 40 சதவீதத்தினரால்தான் அப்படிப் படிக்க முடிகிறது என்று ஆசிரியர் சங்கம் சொன்னது. இங்கே சிக்னல் கிடைக்கவில்லை. மலையுச்சிக் காட்டில், ஏறத்தாழ முப்பது அடி உயரத்தில் மரத்தின் மேல் கட்டிய ஒரு குடிலில்தான் அது எட்டியது. பிள்ளைகள் தனியாகப் போகக்கூடிய காடில்லை. ஆகவே பெரியவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

லுணுகலை உள்ள ஊவா மாகாணத்தில்தான் கதிர்காமமும் இருக்கிறது. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று வள்ளி காவல் காத்ததும் அந்தப் பக்கத்துக் காட்டில்தான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. 2021இல் அதே மாகாணத்தின் இன்னொரு பரணில் பிள்ளைகள் முறை வைத்து ஏறினார்கள். ஒரு பிள்ளை மேலே போனை உயர்த்திப் பிடித்து, செய்த பயிற்சியை அனுப்பிவிட்டு அடுத்த பாடத்தை இறக்கிக்கொள்ளும்வரை, மற்றப் பிள்ளைகளும் பெரியவர்களும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.