பெருமையும் நன்றியும்

திருவெண்ணெய்நல்லூரைக் கடக்கும்போதெல்லாம் நம் நெஞ்சு சற்றே நிமிர்கிறது. கம்பரைப் பேணிய சடையப்ப வள்ளலின் ஊர் என்று மரபு போற்றும் ஊர் இது. சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததும் இங்கேதான். தமிழர் என்று நாம் பெருமை கொள்வது குற்றமா?

அப்பெருமை எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தே விடை கூற வேண்டும். கம்பர் வான்மீகியின் வடமொழிக் கதையை ஏற்றுத் தமிழாக்கினார். தம்மைப் பேணியவரைத் தம் காவியத்திலேயே நன்றியுடன் நினைந்தார். நம் தேம்பாவணியைப் பாடிய வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். இங்கிலாந்தின் கொடியிலுள்ள சிவப்புச் சிலுவைக்குரிய புனித ஜார்ஜும் ஆங்கிலேயர் அல்லர். கீழை நாட்டு மறைசாட்சி. ஆக, எம்மக்களின் பெருமையிலும் பிறர் தந்த கொடை உண்டு. பெற்றதை நினைந்தால் பெருமை நன்றியாகும், மறந்தால் செருக்காகும். கொரிந்தியரைப் பவுலடியார் கடிந்துகொண்டதும் இதனாலேயே.

செருக்கு அயலாரை இகழ்வதோடு நில்லாது. வீட்டுக்குள்ளேயும் மேல் கீழ் தேடும். உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூரில், சம உரிமை கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் மற்றோருக்கும் இடையே பூசல் மூண்டது. 2008 மார்ச்சில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இரு சாராரும் தமிழர். இரு சாராரும் கத்தோலிக்கர். ஒரே மொழியும் ஒரே நற்கருணையும் நம்மை ஏன் இணைக்கவில்லை?

சடையப்பரின் புகழ் குலத்தால் நிற்கவில்லை, கொடையால் நிற்கிறது. பந்தியிலும் கல்லறையிலும் யாரை நம்மவர் என்று ஏற்கிறோம்? அன்பர்களே, நம் பெருமைக்கு அதுவே உரைகல்.