ஏவிய உள்ளமும் ஏந்திய கையும்

திருமலைக்குச் செல்லும் நம்மவர் கண்கள் வேங்கடவன் கோபுரத்தையே நாடும். மலையைச் சூழ்ந்த சேசாசலக் காட்டை நாம் பெரிதும் நோக்குவதில்லை. அக்காட்டில் விளைவதுதான் செம்மரம். சித்தூர், கடப்பை முதலிய ஆந்திரப் பகுதிகளின் மலைகளிலேயே அது பெருமளவில் இயற்கையாக வளர்கிறது. கீழை நாடுகளில் அறைகலன் செய்யவும் இசைக்கருவி செய்யவும் அதனைப் பெருவிலை கொடுத்து வாங்குவோர் உளர். விலை ஏறவே களவும் பெருகிற்று.

இக்களவைக் கதைப்பொருளாகக் கொண்டு 2021 டிசம்பரில் வெளிவந்தது 'புஷ்பா' என்னும் தெலுங்குத் திரைப்படம். மரம் வெட்டும் கூலியாள் ஒருவன் கடத்தல் கூட்டத்தின் தலைவனாக உயர்வதே கதை. சித்தூர்ச் சீமையின் பேச்சும் நடையும் அதில் உயிரோடு விளங்கின. நாயகனாக நடித்த அல்லு அர்ஜுன் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் பெற்றார். புலம்பெயர்ந்த ஊர்களில் வாழும் நாமும் குடும்பத்தோடு கண்டோம், கைதட்டினோம்.

ஆயின், பேச்சு மெய்யாக இருந்தால் மட்டும் கதை மெய்யாகிவிடுமோ?

அப்படம் வருவதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 2015 ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை அடுத்த சந்திரகிரிப் பகுதிக் காட்டில் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அனைவரும் தமிழகத்தினர், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சார்ந்தோர் மிகப் பலர், சவ்வாது மலையின் பழங்குடி மக்களும் அவருள் இருந்தனர். தாக்க வந்தமையால் தற்காப்பிற்காகச் சுட்டோம் என்றனர் காவல்துறையினர். முன்னரே பிடித்துச் சென்று கொன்றனர் என்றனர் மனித உரிமை அமைப்பினர். எவ்வாறாயினும், கூலிக்குச் சென்ற இருபதின்மருள் எவரும் தலைவராக உயரவில்லை.

களவு செய்தோர் குற்றமற்றவர் என்று நாம் வாதிடவில்லை. வறுமை களவின் காரணத்தை விளக்கலாம்; களவை அறமாக்காது. எனினும், குற்றத்தின் இருப்பிடம் யாது? கள்ளாமையைப் பாடிய வள்ளுவர், பிறர் பொருளைக் கவர எண்ணும் எண்ணத்தையே தீதென்றார். அவ்வளவுகோலால் அளப்போமாயின், செம்மரக் களவை எண்ணியவர் யார்? காட்டையே காணாது, தொலைநகரில் அமர்ந்து பணம் பகிர்ந்தவரன்றோ? எண்ணியவரிடத்தே குற்றத்தின் வேர் உள்ளது. தண்டனையோ கோடரி ஏந்திய கையோடு நின்றுவிடுகிறது. இதனை நீதி என்று கொள்ள நம் நெஞ்சம் இசையுமா?

பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போந்தவர்களே நாமும். நமக்கு ஏணி கிடைத்தது. அவர்க்குக் காட்டுவழியே கிடைத்தது. இவ்வேறுபாடு நம் தகுதியால் மட்டும் வந்ததன்று.

திரைப்படம் காண்பது பிழையன்று. கண்டு இல்லம் திரும்பும்போது, உயர்ந்த ஒருவனின் கதையோடு வீழ்ந்த இருபதின்மரின் கதையையும் நம் மக்களுக்குச் சொல்வோம். அதனைச் சொல்லாதுவிட்டால், கைதட்டிய நம் கைகளும் தூயன என்று கூறல் அரிது.