தானே கற்றவனின் கடமை

ஒரு தொழிலை ஆசிரியரின்றித் தானே கற்றுக்கொள்ளுதல் மனிதனுக்குத் தகுமா, தகாதா என்னும் கேள்வி பழமையானது. அதனை இன்று ஒரு மோட்டார் யந்திரத்தை முன்வைத்து ஆராயப் புகுகின்றோம். தோட்டத்தில் பேரேடு எழுதும் கிராணிக்கும் மோட்டார் யந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவலாம். சம்பந்தம் உண்டென்பதைப் போகப்போகக் காண்பர்.

கிளேபாங் கடற்கரைப் பக்கம் இரவு வேளைகளில் நின்று பார்த்தோர், டர்போ பொருத்திய கார்களின்மீது நம் இளைஞர் கொண்டுள்ள மோகத்தை அறிவர். டர்போ என்பது யாது? யந்திரம் வெளியே தள்ளும் சூடான புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கும் மேலாகச் சுழலவல்லது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி யந்திரத்தினுள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம், வலிமை பெருகும். வீணாய்ப் போகும் புகையிடமே வேலை வாங்கும் இவ்வுபாயத்துக்கு, சுவிட்சர்லாந்து தேசத்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

ஆனால் அமுக்கப்பட்ட காற்று சூடேறும். சூடு அளவு மீறினால், எரியாது மிஞ்சியுள்ள கலவை, தீ தன்னை வந்தடையுமுன் தானாகவே வெடிக்கும். பட்டறையில் ‘நாக்கிங்’ என்று சொல்லப்படுவது இதுவே. பெட்ரோல் முழுவதும் எரிய, எடையில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது கணக்கு. டர்போ முழு வீச்சில் இயங்கும்போதோ, காற்றின் பங்கு ஏறக்குறைய 11.5 முதல் 12 வரையில் நிற்குமாறு பெட்ரோலைக் கூட்டி, உள்சூட்டைத் தணிக்க வேண்டும். பிளக்கில் பொறி விழும் நேரத்தையும் சற்றே தாமதப்படுத்த வேண்டும். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு காற்றழுத்தத்துக்கும் ஏற்ற எண்களை மடிக்கணினியில் கட்டம் கட்டமாக நிரப்புவதே ‘ட்யூனிங்’ ஆகும். பார்வைக்கு அது நமது பேரேட்டைப் போன்றதேதான்!

இதனை ஒருவன் தானே கற்கலாகாது என்போர் இருவகையினர். முதல் வகையினர், “பெரிய கம்பெனியின் பொறியாளர் வகுத்ததில் கைவைக்க நீ யார்?” என்பர். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் என்னும் டர்போ கார் விற்பனைக்கு வந்தது. நாக்கிங்கைத் தடுக்கும்பொருட்டு, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்கென அதில் தனியே ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். வாங்கியவர்களில் பலர் அத்தொட்டியை நிரப்பவில்லை. இரண்டே ஆண்டுகளில் அக்காரின் உற்பத்தி நின்றது. செய்தவனுக்கு மட்டும் அறிவிருந்து, வைத்திருப்பவனுக்கு இல்லையாயின் யந்திரம் நிலைக்காது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாம் வகையினர், “பேனா பிடிக்கும் கை எண்ணெயில் தோயலாமா?” என்பர். இது நம் சமூகத்தின் பழைய நோய். கையால் உழைப்பவனைக் கீழென்றும், ஏடு பிடிப்பவனை மேலென்றும் வைத்ததன் மிச்சம். இதற்குத் தக்க விடை கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை. கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த அவர் பள்ளிப்படிப்பு மிகுதியும் பெறாதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைகொண்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியவர் ஏறிச் சவாரி செய்ததோடு நின்றாரில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மீண்டும் பூட்டிக் கற்றார். 1920இல் ஒரே பஸ்ஸைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே தொழில் தொடங்கி, பின்னர் பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார்.

ஆகவே, யந்திரத்தைத் திறந்து பார்க்க எவனுக்கும் உரிமையுண்டு. உரிமையோடு வரும் கடமை யாது என்பதை நாம் நூலில் கற்றிலோம். நமது பிழையிற் கற்றோம்.

நம்மிடம் பழைய புரோட்டான் கார் ஒன்று இருந்தது. முறையான அனுமதியோடு டர்போ யந்திரம் பொருத்தப்பட்டது. ஆங்கிலப் பள்ளியில் பயின்றவராதலால் நூல்களை நாமே படித்து எண்களை நிரப்பினோம். பூட்டுவதும் கழற்றுவதும் தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஓர் இளைஞனின் வேலை. ஒருநாள் காற்றழுத்தத்தைக் கால் பார் கூட்டினோம். வண்டி பாய்ந்தது, நமது உள்ளமும் பாய்ந்தது. அவன் மட்டும் தலை சாய்த்துக் கேட்டு, “அண்ணே, இந்தச் சத்தம் சரியில்லை. நிறுத்துங்கள்” என்றான். தகரத்தில் மணல் விழுவது போன்றதொரு மெல்லிய ஒலி. “புத்தகத்தில் உள்ள கணக்குத்தான் தம்பி” என்று சொல்லி மீண்டும் மிதித்தோம். சிறிது நேரத்தில் பிஸ்டன் உடைந்தது.

பிஸ்டன் உடைந்ததன்று நமது குற்றம். அதன் பின் செய்ததே குற்றம். “அவன் சரியாகப் பூட்டவில்லை” என்று நண்பர் நால்வரிடம் சொன்னோம். அவர்களும் நம்பினர். கிராணியின் சொல்லுக்கும் பட்டறைப் பையனின் சொல்லுக்கும் ஊரில் ஒரே மதிப்பா உண்டு?

இரண்டு நாள் கழித்து, மடிக்கணினி தானே பதிந்து வைத்திருந்த கணக்கைத் திறந்தோம். முழு அழுத்தத்தில் காற்றின் பங்கு 13.5 என்று நின்றது. கூட்டிய காற்றுக்கேற்ற பெட்ரோலைப் பழைய பம்ப் தரவில்லை. அவ்வெண் அன்றே நம் கண்முன் இருந்தது, நாம்தான் பார்க்கவில்லை. தோட்டப் பேரேட்டில் ஒரு வெள்ளி குறைந்தாலும் இரவெல்லாம் தேடும் நாம், நமது பெருமை சம்பந்தப்பட்ட கணக்கைத் திறக்கவே அஞ்சினோம். மறுநாள் அந்த நால்வரையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்று, அவர்கள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டோம். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த எண்களை எனக்கும் படிக்கச் சொல்லிக் கொடுங்கள், அண்ணே” என்றான்.

இதிலிருந்து நாம் கொண்ட முடிவு இது. ஆசிரியரிடம் கற்பவனைத் திருத்த ஆசிரியர் உண்டு. தானே கற்பவனுக்கோ தானே நீதிபதியாதலால், தன் பக்கமே தீர்ப்புச் சொல்லும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆதலின் அவன் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். எழுதியதைத் தனக்கு எதிராகவும் படிக்க வேண்டும். தன்னினும் எளியவன் சொன்னாலும் காதுகொடுக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. கற்பதற்குரிய விலை நம்முடையதாயிருக்க வேண்டும், பிறருடையதாயிருத்தல் ஆகாது. அன்று நாம் சோதித்ததும் பொதுச் சாலையிலேதான். உடைந்தது பிஸ்டனோடு நின்றது நமது சாமர்த்தியமன்று. அபாயகரமாக ஓட்டுதல் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இல்லாவிடினும், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் தாய்மார் செல்லும் சாலை நமது சோதனைக்கூடமாகுமா? உருளைகளின்மேல் வண்டியை நிறுத்திச் சக்கரங்களைச் சுழலவிட்டு அளக்கும் டைனோ என்னும் கருவி அதற்கென்றே இருக்கிறது. கூலி கொடுத்து அதனை நாடுதல் அறம்.

இப்போது ஞாயிறுதோறும் அந்த இளைஞன் எண்களைப் படிக்கிறான். நாம் ஒலியைக் கேட்கப் பழகுகிறோம். அவன் விரைவில் கற்றுவிட்டான். நாம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.