கடலைக் காட்டி விற்ற கைபேசி

நீச்சல்குளத்தில் நனைந்த கைபேசி மறுநாள் காலை சார்ஜ் ஏற மறுக்கிறது. வாங்கியவர் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்கிறார். கவுன்டரில் இருப்பவர் சிம் தட்டை உருவி, உள்ளே விளக்கடித்துப் பார்க்கிறார். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சிறு பட்டை, வெள்ளையாக இருக்க வேண்டியது, சிவந்திருக்கிறது. "லிக்விட் டேமேஜ் சார், வாரண்டியில் வராது." பேச்சு அத்தோடு முடிகிறது. தண்ணீரைத் தாங்கும் என்று விற்கப்பட்ட பொருள், தண்ணீர் பட்டுவிட்டது என்ற காரணத்துக்காகவே கைவிடப்படுகிறது. இந்த நட்டம் யார் தலையில் விழுவது நியாயம்?

நிறுவனத்தின் தரப்பில் பொய்யில்லாத வாதம் ஒன்று இருக்கிறது. முதலில் அதைக் கேட்க வேண்டும். ஐபி68 என்ற குறியீட்டில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. அந்த இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிடுவார். சோதனை நடப்பது புதிய கைபேசியில், நன்னீரில். வீட்டுக்கு வந்த கைபேசியோ கைநழுவி விழுகிறது, பாக்கெட்டில் அழுந்துகிறது. தண்ணீரைத் தடுக்கும் பசையும் ரப்பர் வளையமும் நாளாக ஆகத் தளர்கின்றன. ஸ்க்ரீன் மாற்றுவதற்காகத் தெருமுனைக் கடையில் ஒருமுறை திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அரை மீட்டரில் நனைந்ததா, பத்து மீட்டரில் கிடந்ததா என்பதைச் செயலிழந்த கைபேசி எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை. கிணற்றில் போட்டு எடுத்தவரும் தூறலில் நனைந்தது என்று சொல்லலாம். சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பொய்யின் செலவு, அடுத்து வாங்கப்போகும் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கொடுக்கும் விலையில்தான் போய் ஏறும். அதைச் சாமர்த்தியம் என்று மெச்சுவதற்கில்லை.

இவ்வளவும் சரிதான். ஆனால் பசை தளரும், உப்புநீர் அரிக்கும் என்பதெல்லாம் விற்பதற்கு முன்பே தெரிந்த செய்திகள். அப்போது அவை எங்கே இருந்தன?

ஆஸ்திரேலியாவில் 2016 மார்ச் முதல் 2018 அக்டோபர் வரை கடைகளிலும் சமூக ஊடகங்களிலும் வந்த சாம்சங்கின் ஒன்பது விளம்பரங்கள், கேலக்ஸி கைபேசிகளைக் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தைத் தந்தன. எஸ்7, எஸ்8, நோட் 8 உள்ளிட்ட ஏழு மாடல்கள். நனைந்த கைபேசி நின்றுபோனது என்று நூற்றுக்கணக்கான புகார்கள் எழுந்தன. அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2019இல் வழக்குத் தொடுத்தது. குளத்து நீரிலோ கடல்நீரிலோ மூழ்கியபின் ஈரம் காய்வதற்குள் சார்ஜ் போட்டால், சார்ஜிங் போர்ட் அரித்துக் கைபேசி செயலிழக்கக்கூடும் என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்தக் கைபேசியோடு கடலில் இறங்கியவரைக் கவனமில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? அவர் படத்தில் பார்த்ததைச் செய்தார். கவனமாக இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்களே அங்கே இறங்கச் சொல்லிக் காட்டியிருந்தார்கள்.

இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தபோது இன்னும் ஆழமான இடத்தைத் தொட்டது. சொல்லப்பட்ட ஆழமும் நேரமும் ஆய்வகத்தில், அசையாத தூய நீரில் மட்டுமே பொருந்துபவை என்பது விளம்பரத்தில் தெளிவாக இல்லை என்றது. தண்ணீரைத் தாங்கும் என்று முன்னால் சொல்லிவிட்டுத் திரவச் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று பின்னால் எழுதுவதையும், அதைக் காட்டிப் பழுதுபார்க்க மறுப்பதையும் தனித்தனியாகக் குற்றமாகக் கண்டது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே கொள்கிறது.

சிறிய எழுத்தில் எல்லாம் எழுதியிருந்ததே என்பார்கள். எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் ஆசையைப் பெரிய எழுத்திலும் ஆபத்தைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டவர், எது கண்ணில் படும், எது படாது என்று தெரிந்தேதான் அச்சிட்டார்.

மிஞ்சுவது சந்தேகம். வாங்கியவர் அளவோடு நனைத்தாரா, மீறினாரா என்பது தெரியாதபோது அந்தச் சந்தேகத்தின் பலன் யாருக்கு? இன்றைய வழக்கம் ஒரு காகிதப் பட்டையிடம் தீர்ப்பை விட்டுவிடுகிறது. தண்ணீர் தொட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். பட்டை சிவந்திருந்ததைக் காட்டி வாரண்டி மறுத்தார்கள் என்று அமெரிக்காவில் ஆப்பிள் மீது தொடுக்கப்பட்ட வழக்கு 2013இல் 5.3 கோடி டாலருக்குச் சமரசமானது. அந்த வழக்கில் இருந்தவை தண்ணீரைத் தாங்கும் என்று விற்கப்படாத கருவிகள். தாங்கும் என்று விற்ற கைபேசியில் அதே பட்டையைச் சாட்சியாக நிறுத்துவது இன்னும் பெரிய அநீதி.

சட்டகம் நெளிந்திருக்கிறது, கண்ணாடியில் விரிசல் இருக்கிறது, வேறெங்கோ திறந்த தடம் இருக்கிறது என்றால் நட்டத்தை வாங்கியவர் ஏற்கலாம். எதுவும் இல்லாமல், வாரண்டிக் காலத்துக்குள், கைபேசி நனைந்து நின்றுபோனால் அது நிறுவனத்தின் கணக்கு. அப்படிச் செய்தால் பொய் சொல்லும் சிலர் தப்பித்துக்கொள்வார்கள். உண்மை சொல்லும் பலரைப் பொய்யராக்கித் திருப்பி அனுப்புவதைவிட அது சிறிய தீங்கு. இதற்குக் கைபேசியைத் திறந்து, அடைப்பு எங்கே விட்டது என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடியாத வேலை, கூலி கொடுக்க வேண்டிய வேலை. அந்தக் கூலி, கடலைக் காட்டிய படத்தால் கூடுதலாக விற்ற கைபேசிகளின் வரவிலிருந்து எடுக்க வேண்டியது.