யாருடைய அமைதி?

மனச்சிதைவு நோயுற்ற ஒருவர் கூச்சலிடாமல் ஓரிடத்தில் அமர்ந்திருந்தால், “இப்போது பரவாயில்லை” என்பர் வீட்டார். சந்திக்கச் செல்லும் குருவும் அதையே சொல்லிவிட்டு வருவார். பரவாயில்லை என்பது யாருக்கு? நான் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணிபுரிந்த பங்கில் ஆர்மோனியம் வாசித்த இளைஞன் ஒருவன் இந்நோய்க்கு ஆளானான். தன்னைத் திட்டும் குரல்கள் அவனுக்கு இரவும் பகலும் கேட்டன. தன் உணவில் யாரோ எதையோ கலப்பதாக அஞ்சினான். மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தொட மறுத்தான். “சாமி, அவனுக்குத் தெரியாம குழம்புல கலந்து குடுத்திடட்டுமா?” என்று அவன் தாய் வந்து கேட்டார். அந்த அம்மா பல நாள் உறங்கியிருக்கவில்லை. “கொடுங்கள், பாவமில்லை” என்றேன்.

குரல்கள் ஓய்ந்தன, வீடு அடங்கியது. ஆனால் அவன் விரல்கள் விறைத்தன. “சாமி, இப்ப யாரும் என்னைத் திட்டலை. ஆனா வாசிக்கணும்னே தோணலை” என்றான். ஒருநாள் கிண்ணத்தின் அடியில் கரையாத மாத்திரைத் துண்டைக் கண்டான். அதன்பின் தாய் சமைத்ததை அவன் தொடவில்லை. நோய் தந்த பொய்யான அச்சத்தை மெய்யாக்கியவர்கள் நாங்களே.

1952-இல் பாரிசு நகரில் ழான் டிலே, பியர் தெனிக்கேர் என்னும் மருத்துவர்கள் குளோர்புரோமசின் மருந்தை மனநோயாளருக்கு அளித்துப் பயன் கண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், நோயாளி அளிக்கும் உரிமைக்கு மேல் மருத்துவருக்கு அவர்மீது தனி உரிமை இல்லை என மருத்துவ அறிஞர்களுக்கு உணர்த்தினார். குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான்!

மருந்தைப் பழிக்க இதை எழுதவில்லை. 2012-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்றில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் மருந்து உண்டோரில் நூற்றுக்கு 27 பேர். மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரில் 64 பேர். 2023-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்றில், மருந்தை மெல்லக் குறைத்தவர்களின் சமூக வாழ்வு இரண்டாண்டு கழிந்தும் மேம்படவில்லை. நோய் கடுமையாகத் திரும்பியதோ அவர்களிடையே ஏறத்தாழ இரு மடங்கு. ஆயினும் மருந்தை நிறுத்துவோர் எல்லாரும் அறிவிலிகள் அல்லர். விறைப்பு, இருப்புக்கொள்ளாமை, உடற்பருமன், சர்க்கரை நோய், தாம்பத்திய வாழ்வில் நாட்டமின்மை (இதை நம்மிடம் எவரும் வாய்திறந்து சொல்வதில்லை) ஆகியவற்றைச் சுமப்பவர்கள் அவர்களே.

சித்தம் கலங்கியவனிடம் என்ன இசைவு கேட்பது என்பீர்கள். கலக்கம் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. தெளிந்திருக்கும் வேளையில் கேட்கலாம். தனக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தருகிறது. உயிருக்கு ஆபத்தெனில் வற்புறுத்தியும் மருந்து தர நேரலாம்; ஆனால் அது வெளிப்படையாக நடப்பது. அவன் பின்னர் நம்மிடம் சினந்து கேட்கவாவது முடியும். குழம்பில் கலந்ததை யாரிடம் கேட்பான்?

அவனிடம் சென்று, அந்த யோசனைக்கு இசைந்தவன் நானே என்றேன். அவன் பதில் பேசவில்லை. பிறகு மருத்துவர் அவனையும் உடன் அமர்த்திப் பேசி, மருந்தை மாற்றி, அளவையும் குறைத்தார். இப்போது மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக்கொள்கிறான். உடல் பருத்துவிட்டது, காலையில் தூக்கம் கலைவதில்லை என்று இரண்டாம் திருப்பலிக்கே வருகிறான். ஓராண்டு கழித்துத் தாயின் சமையலை உண்ணத் தொடங்கினான். என் அறையில் தேநீர் கொடுத்தால் மட்டும் இன்னும் சற்றுத் தயங்கியே வாங்குகிறான்.